கிண்ணத்தில் நிற்காத முத்துகள்

எங்கள் யாகுலா ஊரில் வடிக்கிற கற்றாழைச் சாராயம் மெஸ்காலைப் பற்றி நான் சொல்வதில் பாதிதான் உண்மை என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள். அபாண்டம். முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

வஹாக்கா நகரத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டினேன். பின்சீட்டுக்கு அடியில் மெஸ்கால் கேன் இல்லாமல் வண்டி கிளம்பிய நாளே கிடையாது. மலைத் திருப்பத்தில் ஒரு கேனின் மூடி லேசாகத் தளர்ந்துவிட்டால் போதும், வாசனையிலேயே நாற்பது பயணிகளும் ஒருவருக்கொருவர் சம்பந்தி ஆகிவிடுவார்கள். ஒருமுறை கூடைக்குள் இருந்த வான்கோழி பாடிக்கொண்டே இறங்கிப் போனது. என்ன பாட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். பாதிரியாரும் அதே வண்டியில் இருந்தார்.

ஊரில் மொத்தம் ஐந்து குழியடுப்புகள். ஐந்தும் மண்பானையில் வடிக்கிறவை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் செம்பு அண்டாவில் வடித்துவிட்டு அதையும் மெஸ்கால் என்று சொல்லித் திரிகிறார்கள். சொல்லட்டும், வாய் அவர்களுடையது. ஐந்தில் முதல் அடுப்பு மக்காரியாவுடையது. கணவன் போன பிறகு பதினாறு வருடமாகத் தனியாக அந்த அடுப்பை நடத்துகிறாள். ஊரே அவளை 'மாயெஸ்த்ரா', அதாவது குருவம்மா என்று கூப்பிடும். பள்ளிக்கூட வாத்தியாரம்மாவுக்குக்கூட எங்கள் ஊரில் அந்த மரியாதை இரண்டாவதாகத்தான் கிடைக்கும்.

நாணல் குழலின் ஒரு நுனியை மெஸ்காலில் முக்கி, மறுநுனியை வாயில் வைத்து உறிஞ்சி, விரலால் அடைத்து, பிறகு கிண்ணத்தில் மேலிருந்து பீய்ச்ச வேண்டும். ஓரமெல்லாம் குமிழ் கட்டும். அதுதான் முத்து. சிறிதும் பெரிதுமாக, தோள் உரசி வரிசையாக நின்றால் சரக்கு சரியானது. பெரிதாகக் கிளம்பிப் பட்டென்று உடைந்தால் காரம் அதிகம். வந்த வேகத்தில் காணாமல் போனால் தண்ணீர். நகரத்திலிருந்து ஒருவர் கண்ணாடிக் குச்சியும் பெட்டியுமாக ஒருமுறை காரம் எத்தனை சதவீதம் என்று அளக்க வந்தார். அவர் பெட்டியைத் திறப்பதற்குள் மக்காரியா முத்தைப் பார்த்து, "நாப்பத்தெட்டு" என்றாள். குச்சியும் நாற்பத்தெட்டு என்றது. அடுத்த பானைக்கு, "நாப்பத்தொம்போது, கொஞ்சம் கூட" என்றாள். குச்சிக்கு அந்தக் 'கொஞ்சம் கூட'வைக் காட்டத் தெரியவில்லை. மனிதர் குச்சியைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, அதற்கு ஜுரம் வந்தது போலப் போர்த்தி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மக்காரியாவைத்தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். எனக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு அறுபத்தொன்று. என் மனைவி போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கை விட்ட கை எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேராக அவளிடமே போய்ச் சொன்னேன். அவள் புளிக்கிற தொட்டியின் பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாயெஸ்த்ரா, ஒரு விஷயம்."

"இருங்க டிரைவரே. இது முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கு." கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள். "சொல்லுங்க."

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுவே பாதி வெற்றி.

"என்கிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்? எங்க அண்ணன்கிட்ட வந்து முறையா கேக்கணும். அடுப்புக்காரங்க வீட்டுல பொண்ணு கேக்கறதுக்கு என்ன கொண்டு வரணும்னு தெரியும்ல?"

"தெரியும். வான்கோழி, சாக்லேட், ரொட்டி, மெழுகுவத்தி, பூ, மெஸ்கால்."

"மெஸ்கால் யாரோடது?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அடுப்புக்காரர் வீட்டில் பெண் கேட்கிறவன் தன் கையால் வெட்டி, தன் குழியில் வேகவைத்து, தானே வடித்த மெஸ்காலைத்தான் கொண்டு போக வேண்டும். வாங்கின சரக்கோடு வாசலேறினால் நாயை அவிழ்த்துவிடுவார்கள். கொண்டு போனதைப் பெண்ணின் அண்ணன் எல்லார் முன்னாலும் கிண்ணத்தில் பீய்ச்சிப் பார்ப்பான். மூன்று தடவை பார்க்கலாம். முத்து நின்றால் பேச்சு. நிற்காவிட்டால், அந்த முற்றத்திலேயே ஒரு கற்றாழைக் கன்றை நட்டுவிடுவார்கள். அந்தக் கன்று முற்றி வெட்டுக்கு வரும் வரை அவன் அந்த வீட்டுப் படியேறக் கூடாது. கற்றாழை முற்ற எட்டு வருடம். இருபது வயதுப் பையனுக்கு எட்டு வருடம் ஒரு சோம்பல். எனக்கு எட்டு வருடம் கழித்து எழுபத்தாறு. படியேறுவதற்கே இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

"நீங்க சுமந்த மெஸ்கால் ஒரு ஏரி அளவுக்கு இருக்கும், டிரைவரே. ஆனா செஞ்சது ஒரு சொட்டு உண்டா?" என்று கேட்டுவிட்டு மக்காரியா மறுபடியும் தொட்டியில் காதை வைத்தாள்.

அன்று சாயங்காலமே என் சிநேகிதன் அரிஸ்தேயோவிடம் போனேன். ஊரின் மூன்றாவது அடுப்பு அவனுடையது. அதோடு, பெண் கேட்கப் போகும்போது மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேசுகிற பேச்சாளனும் அவன்தான். அவன் பேச ஆரம்பித்தால் குழந்தைக்குப் பல் முளைத்துவிடும்.

"உனக்கா? மெஸ்காலா?" என்று அவன் சிரித்த சிரிப்பில் அவன் வீட்டுக் கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டது. "டேய் தவுரினோ, நீ காபி போட்டாலே பக்கத்து வீட்டுக்காரன் தண்ணி கொண்டு ஓடி வர்றான்."

"பானை இரவல் குடுப்பியா மாட்டியா?"

"குடுக்கறேன். ஆனா கைய வைக்க மாட்டேன். நான் தொட்டா அது உன் மெஸ்கால் இல்ல. பக்கத்துல உக்காந்து சிரிக்க மட்டும் செய்வேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வேலை நடந்த இரண்டு மாதமும் சிரித்தான்.

கற்றாழைக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு ஆடுகள் வராமலிருக்க என் நிலத்தைச் சுற்றி எட்டொன்பது வருடத்துக்கு முன் நட்ட வேலி அது. பூத்தண்டு விடப் பார்த்தவற்றின் தண்டை ஒடித்துவிட்டு, சர்க்கரை அடியில் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு இருபத்திரண்டை வெட்டினேன். இலையைச் சீவச் சீவ உள்ளே இருக்கிற கட்டை அன்னாசி மாதிரி உருண்டு வரும். ஒவ்வொன்றும் என் பஸ் டயர் கனம். இரண்டு டயர் என்றும் சொல்லலாம், இது என் கதைதானே. சாறு பட்ட இடமெல்லாம் அரிப்பு எடுத்தது. மூன்று நாள் நான் கரடி மாதிரி மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். அரிஸ்தேயோ அண்டை அயலாரைக் கூட்டிவந்து காட்டினான்.

ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, ஆற்றுக் கல் பரப்பி, கருவாலி விறகை எரித்தேன். கல் வெளுத்துப் போகும் வரை சூடேற வேண்டும். பிறகு ஈரச் சக்கையைப் பரப்பி, கட்டைகளை வேகவேகமாக அடுக்கி, ஓலைப்பாயால் மூடி, மண்ணைத் தள்ள வேண்டும். எங்காவது ஒரு நூல் புகை கசிந்தாலும் அங்கே ஓடிப் போய் மண் அப்ப வேண்டும். நான் அந்தக் குழியைச் சுற்றி ஓடிய தூரத்தை நேராக ஓடியிருந்தால் கடலையே பார்த்திருப்பேன். உச்சியில் சிலுவை நட்டு, அதில் சிவப்பு மிளகாய் கட்டினேன். கோபமாக இருக்கிறவன் குழிப் பக்கம் வரக்கூடாது, வந்தால் கட்டை வேகாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.

"அதுக்குத்தாண்டா உன்னைச் சிரிக்க வைக்கறேன்" என்றான் அரிஸ்தேயோ. "நீ மொகத்தைத் தூக்கினா வடக்குப் பக்கம் வேகாது."

நாலாம் நாள் மண்ணை விலக்கியபோது வந்த மணத்தை எப்படிச் சொல்ல! வெல்லம், புகை, மழைக்கு முந்தின மண், எல்லாம் சேர்ந்து கிளம்பியது. சர்ச்சில் பூசை நின்றுவிட்டது என்று சொன்னார்கள். நான் சொல்லவில்லை, சொன்னார்கள். மரத்தொட்டியில் போட்டு உலக்கையால் இடித்தேன். தண்ணீர் சேர்த்துப் புளிக்க விட்டேன். நானும் பலகையில் காதை வைத்துக் கேட்டேன். முதல் நாள் மழைத் தூறல். மூன்றாம் நாள் சந்தைக்கூட்டம். பிறகு மெல்ல மெல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போன மாதிரி அடங்கியது. முப்பத்தெட்டு வருடம் என்ஜின் சத்தம் கேட்ட காது சும்மா இருக்குமா?

இரண்டு தடவை வடித்தேன். முதலில் வருகிற தலை, நாக்கைச் சுடும். நடுவில் உடல். கடைசியில் வால், தளர்ந்து புளித்து வரும். வாலை எங்கே வெட்டுவது என்பதில்தான் வீடும் மானமும் இருக்கின்றன. சொட்டுச் சொட்டாகச் சுவைத்து, ஒரு நொடியில் "போதும்" என்று கையை வைத்துவிட்டேன். ஏன் அந்த நொடி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிரேக் எப்போது போடணும் என்று யாராவது யோசித்துப் போடுகிறார்களா?

என் வீட்டுப் பழைய கிண்ணத்தில் பீய்ச்சிப் பார்த்தேன். முத்து நின்றது ஐயா! ஓரம் முழுக்க, முதல் நற்கருணைக்கு நிற்கிற குழந்தைகள் மாதிரி. அரிஸ்தேயோ அன்று மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான்."

"தெரியும்டா. இருந்தாலும் கேட்டு வச்சுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் கிளம்பினோம். இரண்டு வான்கோழிகள், ஒரு கூடை ரொட்டி, சாக்லேட், மெழுகுவர்த்தி, லில்லிப் பூ, முன்னால் பதினோரு பேர் பாண்டு வாத்தியம். பக்கத்து ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுத் திருவிழாவைத் தவறவிட்டோமோ என்று புதுச்சட்டை போட்டார்களாம். என் கையில் பத்து லிட்டர் மண்ஜாடி, புது நாணல் குழல், புதுச் சுரைக்கிண்ணம். ஜாடியும் குழலும் கிண்ணமும் கேட்கிற வீட்டுக்காரன்தான் கொண்டு போக வேண்டும். அந்தக் கிண்ணத்தை முந்தின நாள் முழுக்கத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தேன். பிஷப்பின் வழுக்கைத் தலை அதற்கு முன்னால் மங்கல்.

மக்காரியாவின் அண்ணன் லிப்ராதோ அவள் வீட்டு முற்றத்தில் காத்திருந்தான். எழுபது வயது. அவனுக்கும் தனி அடுப்பு உண்டு. ஊரிலேயே பெரிய மீசை. அதைவிடப் பெரியது அவன் மெஸ்காலைப் பற்றி அவனே வைத்திருக்கிற எண்ணம். தங்கையை ஒரு பஸ் டிரைவருக்குக் கொடுப்பதில் அவனுக்குச் சம்மதமில்லை. எவ்வளவு சம்மதமில்லை என்றால், நடுவதற்கான கற்றாழைக் கன்றை முன்கூட்டியே பிடுங்கி வந்து சுவரோரம் வைத்திருந்தான். பக்கத்தில் குழிகூட வெட்டியாகிவிட்டது.

முறைப்படி பெண் வெளியே வரக்கூடாது. மக்காரியா சமையலறையில் இருந்தாள். சோள மாவு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அரிஸ்தேயோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "மரியாதைக்குரிய இந்த வீட்டாரே! ஆதியிலே கடவுள் வானத்தையும் பூமியையும் படைச்சு, தனியா இருந்த ஆதாமைப் பார்த்து..."

"ஆதாம் சௌக்கியமா இருக்கட்டும்" என்றான் லிப்ராதோ. "அவனுக்கு யாரும் முத்து பாக்கல. ஜாடியத் தொற."

திறந்தேன். முதல் வாயை முறைப்படி மண்ணுக்கு ஊற்றினேன். லிப்ராதோ குழலை முக்கி உறிஞ்சி, கிண்ணத்துக்கு மேலே முழ உயரத்தில் பிடித்து விரலை எடுத்தான். நூல் மாதிரி இறங்கியது. எல்லாரும் குனிந்தோம்.

முத்துகள் கிளம்பின. கிளம்பிய வேகத்தில் செத்தன.

ஒன்றுகூட நிற்கவில்லை. கிண்ணம் ஏரி மாதிரி வழவழவென்று கிடந்தது. நான் ஜாடிக்குள்ளேயே எட்டிப் பார்த்தேன்.

"காத்து அடிக்குது" என்றான் அரிஸ்தேயோ. ஓர் இலைகூட அசையவில்லை.

லிப்ராதோ இரண்டாம் முறை பீய்ச்சினான். அதே கதி. அவன் மீசையின் இரண்டு நுனியும் மேலே ஏறின.

"யோவ் டிரைவர்! ரேடியேட்டர் தண்ணியா இது?"

"அண்ணே, சத்தியமா வீட்டுல நின்னுது. அரிஸ்தேயோ பாத்தான்."

"நின்னுதுங்க. நான் பாத்தேன். என் ரெண்டு கண்ணால" என்றான் அரிஸ்தேயோ.

"உன் கண்ணைப் பத்தி ஊருக்கே தெரியும். போன வருஷம் என் கழுதைக்கு வணக்கம் சொன்னவன்தானே நீ!" கூட்டம் சிரித்தது. பாண்டு வாத்தியக்காரர்களும் சிரித்தார்கள். என் சாக்லேட்டைத் தின்றுகொண்டே சிரித்தார்கள், துரோகிகள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊர் சிரிப்பது பெரிய விஷயமில்லை. நானே அவர்களைச் சிரிக்க வைத்தவன்தான். ஆனால் சுவரோரம் இருந்த அந்தக் கன்றைப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை. அது என் தோளுக்கு வளர வேண்டும். அது வரை மக்காரியாவை நான் சந்தையில் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும்.

லிப்ராதோ மூன்றாவது முறை குழலை முக்கினான். மேலே தூக்கி, விரலை எடுத்தான். மெஸ்கால் இறங்கியது. முத்து கிளம்பியது, செத்தது.

"மம்முட்டியக் கொண்டா" என்றான்.

சமையலறையில் மாவு தட்டுகிற சத்தம் நின்றது.

மக்காரியா வாசலில் வந்து நின்றாள். கை முழுக்க மாவு. பேச்சு முடிவதற்குள் பெண் வெளியே வந்ததாக எங்கள் ஊரில் கேள்விப்பட்டதே இல்லை.

"உள்ள போ" என்றான் லிப்ராதோ. "பொண்ணு வெளிய வரக்கூடாது."

"நான் பொண்ணா வரலண்ணே. மாயெஸ்த்ராவா வந்தேன்." மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள். "மூணு தடவை ஊத்தினீங்க. மூணும் என் காதுல விழுந்துச்சு. தண்ணியா இருந்தா சலசலன்னு விழும். இது கொழகொழன்னு விழுந்துச்சு. அம்பதுக்குக் கொறைஞ்சு இப்படி விழாது. அதை நீங்க தண்ணிங்கறீங்க. கேட்டுக்கிட்டு எப்படி ரொட்டி தட்டறது?"

"முத்து நிக்கலயே! நீயே பாரு."

அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. தூக்கி மோந்தாள். கட்டை விரலால் உள்பக்கத்தைத் தேய்த்து, விரலை வெயிலில் காட்டினாள். விரல் மின்னியது.

"டிரைவரே, இந்தக் கிண்ணத்துக்கு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. பளபளப்பா இருக்கட்டும்னு..." எனக்குச் சொல்லும்போதே புரிந்துவிட்டது. நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தது. "...கொஞ்சம் பன்றி நெய் போட்டுத் தேச்சேன். பஸ்ஸுல பம்பருக்கு அப்படித்தான்..."

"கொஞ்சம்?"

"ரெண்டு உருண்டை."

அந்த முற்றம் சிரிப்பில் வெடித்தது. டியூபா வாசிக்கிறவன் சிரித்த சிரிப்பு அவன் வாத்தியத்துக்குள் போய்த் தானாக ஒரு சுரம் வந்தது. கொழுப்பு பட்ட இடத்தில் முத்து நிற்காது என்பது எங்கள் ஊரில் தவழ்கிற குழந்தைக்குத் தெரியும். அடுப்புக்காரர் வீடுகளில் மெஸ்கால் கிண்ணத்தில் யாராவது கறிக்குழம்பு ஊற்றிவிட்டால் அந்தக் கிண்ணத்தை மாட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பம்பர் துடைத்த கை எனக்கு மட்டும்தான் வாய்த்தது.

லிப்ராதோ விடவில்லை. "மூணு தடவைதான் கணக்கு. முடிஞ்சுது. கிண்ணம் அவன் கொண்டாந்தது, தப்பும் அவனுது."

"மூணு தடவை பாக்கறது மெஸ்காலை. நீங்க மூணு தடவையும் பாத்தது பன்னியை" என்றாள் மக்காரியா. "இங்க பாருங்க. நான் ஒரு கிண்ணம் எடுத்துட்டு வந்தா பொண்ணு வீட்டுக்காரி ஏமாத்திட்டான்னு சொல்லுவீங்க. உங்க கிண்ணத்துலயே ஊத்துங்க. நீங்க தெனமும் குடிக்கறது. உங்க கையாலயே ஊத்துங்க. நிக்கலன்னா நானே குழியில கன்னை வெக்கறேன்."

அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பெருமை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிற்காவிட்டால் அவளே நட்டுவிடுவாள். மண்ணை மிதித்து இறுக்கிவிட்டும் போவாள்.

லிப்ராதோ எதிரே இருந்த தன் வீட்டிலிருந்து கிண்ணத்தைக் கொண்டுவரச் செய்தான். பழசு, கறுத்தது, உலர்ந்தது. குழலையும் மாற்றினான். உறிஞ்சினான். இந்தத் தடவை தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பீய்ச்சினான், பழிவாங்குகிற மாதிரி.

முத்துகள் எழுந்தன. ஓரத்தைச் சுற்றி ஒரு வரிசை, அதற்குள் இன்னொரு வரிசை. நின்றன. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இன்னும் நின்றன. அரிஸ்தேயோ உட்கார்ந்துவிட்டான். அப்போதும் நின்றன. அந்த நேரத்தில் ஒரு கோழி முட்டையிட்டு, அதைக் கொக்கரித்து ஊருக்குச் சொல்லி, மறுபடி போய்ப் படுத்துவிட்டது என்றால் நம்புங்கள்.

"ம்" என்றான் லிப்ராதோ. அந்த ஒரு எழுத்துக்கு அவன் பட்ட பாடு!

"நின்னுது. நானும் சொல்றேன், நின்னுது" என்று அரிஸ்தேயோ எழுந்தான். "ஆக, மரியாதைக்குரிய வீட்டாரே, ஆதியிலே..."

"இருங்க" என்றாள் மக்காரியா. "முத்து சொன்னதைக் கேட்டாச்சு. இன்னும் நாக்கு சொல்லல." கிண்ணத்தை வாங்கி, முத்தமிடுகிற மாதிரி உதட்டில் வைத்தாள். கண்ணை மூடினாள். எனக்கு அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

"பானை அரிஸ்தேயோவோடது."

"ஆமா" என்றான் அரிஸ்தேயோ, பயந்துபோய்.

"குழியில வடக்குப் பக்கம் கல்லு சரியா சூடேறல. ரெண்டு கட்டை அரைவேக்காடு."

"மூணு" என்றேன். அவளிடம் பொய் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்வது வேறு.

"தொட்டியில ஒரு நாள் கூடுதலா விட்டிருக்கீங்க. எங்க போயிருந்தீங்க?"

"ஞானஸ்நான விருந்துக்கு."

"விருந்து ஒரு நாள்தானே?"

"குழந்தை சின்னதுதான் மாயெஸ்த்ரா. ஆனா சொந்தம் பெருசு."

அவள் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாலை வெட்டின எடம் சரி" என்றாள். "ரொம்பச் சரி. ஒரு சொட்டு முன்னாடியுமில்ல, பின்னாடியுமில்ல. அதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல."

"அதைச் சொல்லிக் குடுக்கவும் முடியாது."

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் பதக்கம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்குத் தெரியாது. அவள் சொன்ன 'ரொம்பச் சரி' எங்கே இருக்கிறது என்று தெரியும்.

லிப்ராதோ பொறுமையிழந்தான். "சரி, மொத்தத்துல இது எந்த வரிசை? அதைச் சொல்லு. ஊர் தெரிஞ்சுக்கட்டும்." நான் கடைசி என்று அவள் வாயாலேயே கேட்க அவனுக்கு ஆசை.

மக்காரியா யோசித்தாள். "ஊர்ல அஞ்சு அடுப்பு. இதையும் சேத்தா ஆறு. இது அஞ்சாவது."

ஐந்தாவது! என் தலை கூரையில் முட்டியது. முற்றத்துக்குக் கூரை கிடையாது, முட்டியது. அதற்குள் ஆறாவது யார் என்று எல்லாத் தலையும் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. முதல் அடுப்பு அவளுடையது. மூன்றாவது அரிஸ்தேயோவுடையது. இரண்டாவதும் நாலாவதும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அண்ணன் தம்பிகளுடையவை. அது ஊருக்கே தெரியும்.

"அப்ப ஆறாவது?" என்றான் லிப்ராதோ.

"வேணாம்ண்ணே. விருந்தாளிங்க இருக்காங்க."

அந்த மீசை இறங்கியதே! கொடிக்கம்பத்திலிருந்து கொடி இறங்குகிற மாதிரி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லிப்ராதோ எங்கள் ஊர் மனிதன். வாய் எதைச் சொன்னாலும் நாக்கு பொய் சொல்லாது. தங்கையின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினான். அது வரை அவன் பார்த்ததோடு சரி, குடிக்கவில்லை. இப்போது குடித்தான். வாயில் வைத்து உருட்டினான். விழுங்கினான். சுவரைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், எங்களை மட்டும் பார்க்கவில்லை. பிறகு ஜாடியைச் சாய்த்து, தானே மறுபடி ஊற்றிக்கொண்டான்.

"வடக்குப் பக்கம் அரைவேக்காடுதான்" என்றான். மூன்றாவது தடவையும் ஊற்றிக்கொண்டான். "யோவ் டிரைவர். வாலை எப்ப வெட்டுனே?"

"நாக்கு ஓரத்துல லேசா புளிப்பு வர்றதுக்கு முன்னாடிண்ணே."

"வந்ததுக்கு அப்புறம்தான் வெட்டணும்னு எங்கப்பா சொல்லுவாரு."

"அவரு அடுப்பும் ஆறாவதுதான்" என்றாள் மக்காரியா.

லிப்ராதோ முதலில் முறைத்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. மீசைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வழி தெரியாமல் முட்டிமோதி வெளியே வந்தது. "எங்கப்பனையும் விடல பாரு! இவளைக் கூட்டிட்டுப் போய்யா. அடுத்தது தாத்தாகிட்ட போவா." கிண்ணத்தை நிரப்பி அவளிடம் நீட்டினான். "நான் ஒத்துக்கிட்டேன். இப்பப் பொண்ணா குடி. இல்ல, வேணாம்னா மண்ணுல ஊத்து."

பாண்டு வாத்தியக்காரர்கள் வாத்தியத்தை வாயில் வைத்துக் காத்திருந்தார்கள். சம்மதம் என்றால் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். மக்காரியா அவசரப்படவில்லை. கிண்ணத்தைச் சுழற்றி முத்துகளை இன்னொரு முறை பார்த்தாள். தொழில்காரிக்கு அந்த நேரத்திலும் அந்தப் புத்தி. பிறகு குடித்தாள். மெதுவாக, வாய் எடுக்காமல், முழுசும். என் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியின் உச்சியில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

டியூபா முழங்கியது. வான்கோழிகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அரிஸ்தேயோ ஆதாமில் தொடங்கி நோவா வரை அந்த இரைச்சலுக்குள்ளேயே பேசி முடித்தான். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை குறைக்கவில்லை. எல்லாச் சத்தத்துக்கும் நடுவே மக்காரியா என் காதருகே குனிந்தாள். என்ன சொல்வாள் என்று எனக்குள் ஓர் இருபது வயதுப் பையன் குதித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு என் குழியில விறகு அடுக்கறேன்" என்றாள். "வடக்குப் பக்கத்துல கல்லு எப்படிப் போடணும்னு வந்து பாருங்க. பாக்கறது மட்டுமில்ல, கல்லைத் தூக்கவும் வாங்க."

தொப்பியில் கவிழ்த்த கிண்ணத்தோடு, தலையை ஆட்டாமல், "சரிங்க மாயெஸ்த்ரா" என்றேன்.